காக்கா வருவதற்குள் பழம் பறிக்கணும்

குழந்தைகள் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

பகடை உருட்டி, விழுந்த நிறத்துப் பழத்தைப் பறித்துக் கூடையில் சேர்க்கும் விளையாட்டைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் பேத்திக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பரமபதம் விளையாட உட்கார்ந்தால் பாம்பு கொத்தியதும் அழுது அட்டையைக் கலைத்துவிடுகிறாள். இந்த வயதுக்கு ஏற்ற பகடை விளையாட்டு இருக்கிறதா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பேத்தி அடம் பிடிக்கவில்லை. பரமபதம் அவள் வயதுக்குக் கொஞ்சம் பெரிய விளையாட்டு, அவ்வளவுதான். பகடையில் விழுந்த புள்ளிகளை எண்ண வேண்டும். அதே எண்ணிக்கைக்குக் காயை நகர்த்த வேண்டும். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசையில் எதிர்ப்பக்கமாகத் திரும்ப வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பாம்பு இறக்கிவிட்டால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

நீங்கள் தேடுவது ஜெர்மனியில் 1986-ல் வந்த ‘ஒப்ஸ்ட்கார்ட்டன்’. பழத்தோட்டம் என்று பொருள். பாட் ரோடாஹ் என்ற ஊரிலுள்ள ஹாபா நிறுவனம் வெளியிட்டது, உருவாக்கியவர் அன்னலீஸ ஃபார்கஷோவ்ஸ்கி. நான்கு மரங்கள், மரத்துக்குப் பத்துப் பழம், ஆக நாற்பது. பகடையில் எண்கள் கிடையாது. நான்கு முகங்களில் நான்கு நிறம், ஐந்தாவதில் கூடை, ஆறாவதில் அண்டங்காக்கை. நிறம் விழுந்தால் அந்த மரத்தில் ஒரு பழம் பறிக்கலாம். கூடை விழுந்தால் பிடித்த பழம் இரண்டு எடுத்துக்கொள்ளலாம். காக்கை விழுந்தால் ஒன்பது துண்டு காக்கைப் படத்தில் ஒரு துண்டைப் பொருத்த வேண்டும். படம் நிறைவதற்குள் எல்லாப் பழத்தையும் பறித்துவிட்டால் விளையாடிய எல்லாருக்கும் வெற்றி. படம் முந்திவிட்டால் காக்கைக்கு வெற்றி.

குழந்தையும் பாட்டியும் ஒரே கட்சி என்பதுதான் இதன் உயிர். யாரும் யாரையும் வெட்டுவதில்லை, பறித்த பழம் கையை விட்டுப் போவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் கூடை கொஞ்சம் நிறைவதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. இதையே இன்னும் எளிதாக்கி, இரண்டு வயதிலிருந்து ஆடும்படி 2009-ல் ‘முதல் பழத்தோட்டம்’ வந்தது. அதில் மரத்துக்கு நான்கு வீதம் பதினாறு பழம், கூடை விழுந்தால் ஒரு பழம் மட்டும். காக்கை பொம்மையாக ஒரு பாதையில் நடந்து வரும். மூன்று வயதுக்கு நாற்பது பழம் அதிகம். பதினாறில் தொடங்குங்கள். ஏறக்குறைய இருபது உருட்டலில், பத்து நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதற்கு மேல் அந்த வயதில் உட்கார மாட்டார்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பெட்டியின் விலை எங்களுக்குக் கட்டாது. வீட்டிலேயே செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்கள். – ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் பழங்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மன் பெட்டியில் இருக்கும் பேரியும் பிளம்மும் நம் குழந்தைகளுக்குப் பழக்கமில்லை. மாம்பழம் மஞ்சள், கொய்யா பச்சை, மாதுளை சிவப்பு, நாவல் நீலம் என்று வைத்தால் வாயில் சுலபமாக வரும்.

பழத்தின் அளவில் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. உருண்டையான பொருளுக்கு அளவு இன்னும் கடுமை, 44.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். உருண்டை மூச்சுக்குழலை இடைவெளியில்லாமல் அடைத்துவிடும் என்பதுதான் காரணம். ஆகவே பழ உருண்டை 5 சென்டிமீட்டர் இருக்கட்டும். பலரும் குடிநீர் பாட்டில் மூடிகளைச் சேர்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூடி சுமார் 3 சென்டிமீட்டர்தான், குழாய்க்குள் போய்விடும். தயவுசெய்து வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேனின் மூடி அகலமானது, அதைப் பயன்படுத்தலாம். ஆனால் கிழித்துத் திறந்த மூடியின் ஓரம் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தரித்து, உப்புத்தாளில் தேய்த்துவிட்டுக் கொடுங்கள்.

துணியில் செய்வதுதான் கைக்கு இதமாக இருக்கும். தையல் கடையில் வெட்டுத்துணி வாங்கி, நிறத்துக்கு நான்கு வீதம் 17 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டங்களாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளிச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கி, பஞ்சை அடைத்து முடிச்சுப் போட வேண்டும். பஞ்சை இறுக்க அடைக்காவிட்டால் பழம் அமுங்கி வாய்க்குள் போகும். காம்புக்குப் பொத்தான், மணி எதுவும் தைக்காதீர்கள், பச்சை நூலால் நான்கு தையல் போதும். ஊரில் மரக் கடைசல் பட்டறை இருந்தால் 5 சென்டிமீட்டரில் பதினாறு உருண்டை கடைந்து வாங்கலாம். அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மை எல்லாம் இப்படிக் கடைசலில் அரக்குச் சாயம் ஏற்றிச் செய்பவைதான். மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவைத் தொடவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தோட்டத்துக்குப் பழைய தினசரி காலண்டர் அட்டை இரண்டு எடுத்து, அட்டைக்கு இரண்டு மரமாக வரையுங்கள். இங்கே எல்லாரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. தட்டையான அட்டையில் உருண்டைப் பழம் நிற்காது. யாராவது முழங்காலை அசைத்தால் பதினாறும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மரத்துக்கு நான்கு பழைய பிளாஸ்டிக் வளையல்களை ஒட்டிவிட்டால் ஒவ்வொரு பழமும் அதில் ஒரு கூட்டில் உட்கார்ந்ததுபோல் அசையாமல் இருக்கும். கண்ணாடி வளையல் கூடாது.

காக்கைப் பாதைக்கு 7 சென்டிமீட்டர் சதுரமாக ஐந்து கட்டம். முதல் கட்டத்துக்கு வெளியே காக்கையை நிறுத்துங்கள். அட்டையில் வெட்டிய காக்கையைத் துணி மாட்டும் மரக் கிளிப்பில் செருகினால் தானாக நிற்கும். காக்கை முகம் விழும்போதெல்லாம் ஒரு கட்டம் நகரும், ஐந்தாவது கட்டத்தில் கால் வைத்ததும் ஆட்டம் முடிந்தது. பழம் சேர்க்க ஒரே கூடைதான் வைக்க வேண்டும். மூன்று லிட்டர் கொள்ளும் பனையோலைக் கொட்டான் சரியாக இருக்கும். ஆளுக்கொரு கூடை கொடுத்தால் அரை நிமிடத்தில் “எனக்குத்தான் நிறைய” என்று சண்டை தொடங்கிவிடும், ஒரே கட்சி என்பது அதோடு போயிற்று.

கேள்வி: பழத்துக்குப் பதில் குன்றிமணி வைக்கலாமா? வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. – ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: கூடவே கூடாது. குன்றிமணிக்குள் இருக்கும் அப்ரின் கடுமையான விஷம். ஓடு முழுசாக இருக்கும் விதை சில சமயம் செரிக்காமல் வெளியே வந்துவிடலாம். கடித்தாலோ, கோப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ விஷம் உடம்பில் ஏறும். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும், பேதியாகட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி, புளியங்கொட்டை, சோழி எல்லாம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் நல்லவை. ஆனால் அவையும் மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகும் அளவுதான். ஐந்து வயதுக்குப் பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள்.

கேள்வி: தச்சரிடம் கட்டை வாங்கிப் பகடை செய்தேன். பத்து முறை உருட்டினால் நான்கு முறை காக்கை விழுகிறது. எங்கே தவறு? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பத்து உருட்டலை வைத்துப் பகடையைக் குறை சொல்ல முடியாது. நல்ல பகடையிலும் பத்தில் நான்கு முறை ஒரே முகம் விழுவது உண்டு. அறுபது முறை உருட்டி, விழுவதைக் கோடு போட்டுக் குறித்து வாருங்கள். ஒவ்வொரு முகமும் பத்துக்கு அக்கம்பக்கத்தில் வர வேண்டும். ஆறு வந்தாலும் பதினான்கு வந்தாலும் கவலையில்லை. ஒரு முகம் பதினெட்டைத் தாண்டினாலோ, இரண்டோடு நின்றாலோ கட்டையில் கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று, கட்டை கனசதுரமாக இல்லாதது. 4 சென்டிமீட்டர் என்று சொல்லி வாங்கியது ஒரு பக்கம் 3.7 இருந்தால், அந்தக் குட்டைப் பக்கத்தின் இரண்டு முனைகளிலும் உள்ள அகலமான முகங்களில் அடிக்கடி படுக்கும். ஸ்கேல் வைத்து மூன்று பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டாவது, முடிச்சுள்ள மரம். முடிச்சுப் பக்கம் கனமாக இருப்பதால் அது கீழே போய், அதற்கு எதிர்முகம் மேலே வரும். மூன்றாவது, உப்புத்தாளில் தேய்க்கும்போது ஒரு முனையை மட்டும் மழுக்கிவிடுவது. எட்டு முனைகளையும் ஒரே அளவுக்கு மழுக்க வேண்டும்.

நிறத்துக்கு எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப் அருமையான பொருள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் நான்கும் பழத்துக்கு, கறுப்பு காக்கைக்கு, வெள்ளை கூடைக்கு. டேப்பின் அகலம் சுமார் 1.8 சென்டிமீட்டர். அதையே சதுரமாக வெட்டி முகத்தின் நடுவில் ஒட்டினால் போதும். ஓரம் வரை ஒட்டினால் உருளும்போது உரிந்து வந்துவிடும். உரிந்த துண்டு குழந்தையின் வாய்க்குப் போகும், ஆகவே வாரம் ஒரு முறை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

உருட்டும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சின்னக் குழந்தைகள் உருட்டுவதில்லை, எறிகிறார்கள். பாதி நேரம் பகடையைத் தேடுவதிலேயே போய்விடும். ஒரு தாம்பாளத்தில் துண்டு விரித்து, “பகடை தட்டுக்குள்ளே விழுந்தாத்தான் கணக்கு” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். துண்டு இல்லாவிட்டால் கட்டை தட்டில் விழும் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப எறிவார்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு விதியை மாற்றிக்கொண்டோம். காக்கை விழுந்தால் கூடையில் உள்ள பழமெல்லாம் மரத்துக்கே திரும்பிவிடும். விறுவிறுப்பாக இருக்கும் என்று நினைத்தோம். முக்கால் மணி நேரம் ஆகியும் ஆட்டம் முடியவில்லை. – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியாது. அந்த விதிப்படி வெல்ல வேண்டுமானால், காக்கை ஒரு முறைகூட விழாமல் பதினாறு பழத்தையும் பறித்தாக வேண்டும். ஓர் உருட்டலில் காக்கை வராமலிருக்க ஆறில் ஐந்து வாய்ப்பு. தொடர்ந்து பதினாறு முறை வராமலிருக்க நூற்றில் ஐந்தரை வாய்ப்புக்கும் சற்றுக் குறைவு. காலியான மரத்தின் நிறம் விழுந்து வீணாகும் உருட்டல்களையும் சேர்த்தால் அது இன்னும் தேயும்.

அமெரிக்காவில் 1960-ல் வந்த ‘ஹை ஹோ! செர்ரி-ஓ’ என்ற விளையாட்டில் வாளி கவிழ்ந்து எல்லாப் பழமும் மரத்துக்குத் திரும்பும் விதி உண்டு. அங்கே அது எப்படியோ தாங்குகிறது என்றால், ஆளுக்குப் பத்துப் பழம்தான், சுழற்றும் முள் ஒரே முறையில் நான்கு பழம் வரை கொடுத்துவிடும். உங்கள் பகடை ஒரு முறைக்கு ஒரு பழம்தானே தருகிறது. சேர்த்ததைக் குழந்தையிடமிருந்து பிடுங்கும் எந்த விதியையும் நான்கு வயதுக்கு முன் சேர்க்காதீர்கள் என்பதுதான் எங்கள் கருத்து. விறுவிறுப்பு வேண்டுமானால் காக்கைப் பாதையைக் குறையுங்கள். பதினாறு பழத்துக்கு ஐந்து கட்டம் வைத்தால் பத்து ஆட்டத்தில் ஏறக்குறைய ஆறு நம் பக்கம். ஆறு கட்டமானால் நான்கில் மூன்று அளவுக்கு வெல்லலாம். நான்கு கட்டமாக்கினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. புதிதாகத் தொடங்கும் குழந்தைக்கு ஆறு, பழகிய பிறகு ஐந்து, ஐந்து வயது அண்ணனோ அக்காவோ சேர்ந்தால் நான்கு.

கேள்வி: கூடை முகம் விழுந்தால் என் மகன் எப்போதும் மாம்பழத்தைத்தான் எடுக்கிறான். அதனால் தோற்றுப்போகிறோம் என்று என் கணவர் சொல்கிறார். எந்தப் பழத்தை எடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே? – ஒரு வாசகி, சேலம்

பதில்: கணக்குப்படி உங்கள் கணவர் சொல்வது சரி. கூடை விழும்போது அதிகப் பழம் மிச்சமிருக்கும் மரத்திலிருந்து எடுப்பதுதான் நல்லது. ஏன் என்று ஓர் இடத்தை வைத்துப் பார்ப்போம்.

காக்கை தோட்டத்துக்கு ஒரே கட்டம் தள்ளி நிற்கிறது. இன்னும் நான்கு பழம் பாக்கி. அந்த நான்கும் மரத்துக்கு ஒன்றாக இருந்தால், முதல் உருட்டலில் நான்கு நிறமும் கூடையும் ஆக ஐந்து முகம் நமக்கு உதவும், ஒன்று மட்டும் காக்கைக்கு. ஒரு பழம் பறித்த பிறகு நான்கு முகம் நமக்கு, பிறகு மூன்று, கடைசியில் இரண்டு. இந்த வரிசையைப் பெருக்கினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. அதே நான்கு பழமும் மாதுளை மரத்திலேயே மிச்சம் என்றால், தொடக்கம் முதலே சிவப்பும் கூடையும் மட்டும்தான் நமக்கு. மூன்று முகம் வீண், ஒன்று காக்கை. ஒவ்வொரு பழத்துக்கும் மூன்றில் இரண்டு வாய்ப்பு. நான்கு முறை பெருக்கினால் 81-ல் 16, அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. பழமும் ஒன்றே, காக்கையும் ஒன்றே. மரங்கள் சமமாகக் குறைந்து வந்ததா, ஒரே மரம் நிறைந்து நின்றதா என்பதுதான் வித்தியாசம்.

ஆனாலும் பையனைத் திருத்த அவசரப்படாதீர்கள். இந்த விளையாட்டில் குழந்தை தானாக முடிவு செய்யும் ஒரே இடம் அந்தக் கூடைதான், மற்றதெல்லாம் பகடை செய்வது. அங்கேயும் நாம் கையைப் பிடித்து இழுத்தால் அவனுக்கு என்ன மிச்சம்? மூன்று வயதில் மாம்பழம் பிடிக்கும் என்று எடுப்பது முழுக்கச் சரியான காரணம். நான்கரை, ஐந்து வயதில் சிவப்பு விழுந்து மரம் காலியாக இருப்பதைப் பார்த்து அவனே, “அம்மா, பழமே இல்லையே!” என்பான். அந்த நேரத்தில், “அடுத்த தடவை கூடை விழுந்தா எந்த மரத்துல எடுக்கலாம், கண்ணா?” என்று கேட்டால் போதும். பதிலை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

கேள்வி: காக்கை விழுந்தால் பேரன் பகடையைத் திருப்பி வைத்துவிடுகிறான். கண்டிக்கலாமா? – ஒரு வாசகர், மதுரை

பதில்: காக்கை முகத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டான், அதன் விளைவும் அவனுக்குத் தெரிகிறது. அது நல்ல அறிகுறிதான். கண்டிப்பதைவிடக் காக்கைக்கு ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். காக்கை விழுந்ததும் தாத்தா “கா, கா” என்று கத்த வேண்டும், பேரன்தான் காக்கையை ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். எதிரியை நகர்த்தும் வேலை அவன் கையில் இருந்தால் பயம் குறைந்து அதுவே ஆசையாகிவிடும். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்தில் காக்கை விழாதா என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள்.

தோற்ற பிறகு உடனே அட்டையை மடித்து வைக்காதீர்கள். கூடையில் சேர்ந்ததை இருவருமாக எண்ணுங்கள். “பதினொன்னு பறிச்சிருக்கோம், காக்காவுக்கு அஞ்சு” என்று முடியட்டும். அவன் அழுவான் என்று நீங்களே பகடையைத் திருப்பி வைத்துத் தோல்வியை மறைக்கவும் வேண்டாம். குழந்தைகள் அதை நன்றாகக் கவனிக்கிறார்கள். பிறகு திருப்பி வைக்காதே என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது.

கேள்வி: அங்கன்வாடியில் பதினெட்டுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதை விளையாட முடியுமா? இதனால் எண்கள் வருமா? – ஓர் அங்கன்வாடிப் பணியாளர், தர்மபுரி மாவட்டம்

பதில்: பதினெட்டுப் பேரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறைதான் பகடை வரும். மீதி நேரமெல்லாம் காத்திருப்பு, தள்ளுமுள்ளு. நான்கு பேருக்கு ஒரு செட் என்பதுதான் கணக்கு. ஒரே செட் இருந்தால், மற்றவர்கள் வேறு வேலையில் இருக்கும்போது நான்கு நான்கு பேராக அழையுங்கள். பகடை யாரிடம் இருக்கிறதோ அவர் முறை என்பதைக் குழந்தைக்குக் காட்ட, பகடையோடு தாம்பாளத்தையும் அடுத்தவரிடம் நகர்த்தச் சொல்லுங்கள். “உன் முறை, என் முறை” என்று வாயால் சொல்வதைவிடத் தட்டு நகர்வது தெளிவாகப் புரியும்.

எண்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நிறப் பகடை நிறத்தையும், முறை காத்திருப்பதையும், ஒன்று விழுந்தால் ஒன்று எடுப்பது என்ற பொருத்தத்தையும் பழக்கும். எண்ணை அதிகம் பழக்காது. அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகவே தெரிந்தது. ஏழைக் குடும்பத்து மழலையர் ஒரு பகுதியினருக்கு 1 முதல் 10 வரை எண் எழுதிய நேர்கோட்டுப் பலகை, மற்றவர்களுக்கு நிறம் மட்டும் தீட்டிய பலகை. இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குச் சுமார் கால் மணி நேரம்தான் விளையாடினார்கள். எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணுவதிலும், எண்ணைப் படிப்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். நிறப் பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

ஆகவே நான்கு வயதுக்காரர்களுக்குக் காக்கைப் பாதையைப் பத்துக் கட்டமாக நீட்டி, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதிவிடுங்கள். அப்போது காக்கை ஒரு முறைக்கு இரண்டு கட்டம் நகர வேண்டும். அதே ஐந்து முறைதான், ஆட்டத்தின் கனம் மாறாது. நகர்த்தும்போது எண்ணும் விதம் மிக முக்கியம். காக்கை 4-ல் நிற்கிறது என்றால் குழந்தை “ஒன்று, இரண்டு” என்று எண்ணக் கூடாது. கட்டத்தில் இருக்கும் எண்ணையே படித்து “ஐந்து, ஆறு” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான் நான்குக்கு அடுத்து ஐந்து என்ற இடம் மனதில் நிற்கிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மகள் கொய்யாவையும் மாதுளையையும் மாற்றி மாற்றி எடுக்கிறாள். நிறம் தெரியவில்லையா, பெயர் தெரியவில்லையா என்று விளங்கவில்லை. – ஒரு வாசகி

பதில்: பெயரைச் சொல்லாமல் சோதியுங்கள். பகடையின் பச்சை முகத்தைக் காட்டி “இதே மாதிரிப் பழம் எடு” என்று மட்டும் சொல்லுங்கள். சரியாக எடுத்தால் நிறம் தெரிகிறது, பெயர்தான் இன்னும் படியவில்லை. அதற்கு அவசரமில்லை. பச்சைக்கும் நீலத்துக்கும் பெயர் மாறுவது மூன்று வயதில் சாதாரணம். நீலத்தை ஊதா என்று சொல்லும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அம்மா நீலம் என்றும் அம்மம்மா ஊதா என்றும் சொன்னால் குழந்தை குழம்பும். விளையாட்டில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லுங்கள்.

பெயர் சொல்லாமலேயே சிவப்பும் பச்சையும் மாறினால் அது நிறக்குருடாக இருக்கலாம். ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம், பெண் பிள்ளைகளிடம் மிக அரிது. கண் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். எப்படியானாலும் பழத்தின் வடிவத்தை வேறுபடுத்துவது நல்லது. 2009-ல் வந்த ஜெர்மன் பெட்டியிலேயே சிவப்பு ஆப்பிளும் பச்சை ஆப்பிளும் ஒரே வடிவம்தான், அந்த இரண்டையும் பிரித்தறிய இந்தக் குழந்தைகள் திணறுவார்கள். மாதுளைக்கு மேலே கிரீடம் மாதிரி மூன்று முனை தைத்து, பகடையின் சிவப்பு முகத்திலும் அதே கிரீடத்தை வரைந்துவிட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

கேள்வி: கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ‘3 வயதுக்குக் கீழே வேண்டாம்’ என்ற படம் போட்டிருந்தால் அது புத்திசாலித்தனத்தின் அளவு இல்லை, உள்ளே சின்னப் பொருள் இருக்கிறது என்ற எச்சரிக்கை. உங்கள் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதை மீறாதீர்கள்.

கேள்வி: ஒரு நாவல்பழம் தொலைந்துவிட்டது. பதினைந்தோடு ஆடலாமா? – ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: ஆடலாம், ஆனால் குழந்தை ஒவ்வொரு முறையும் அந்தக் காலி வளையலைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற மூன்று மரத்திலும் ஒவ்வொரு பழத்தை எடுத்து வைத்துவிட்டு மரத்துக்கு மூன்றாக, பன்னிரண்டு பழத்தோடு ஆடுங்கள். காக்கைப் பாதையிலும் ஒரு கட்டத்தைக் குறைத்து நான்காக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி தோல்வி ஏறக்குறைய பழையபடியே இருக்கும். தொலைந்தது பெரும்பாலும் சோபா இடுக்கில்தான் இருக்கும், தேடிப் பாருங்கள்.